சேவைச் சங்கத்துக்குப் புது உறுப்பினர்கள்: பொறுப்பேற்றவர் எங்கே தொடங்குவது?

உங்கள் சேவைச் சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பை இந்த ஆண்டு உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ரோட்டரியாக இருக்கலாம், அரிமாவாக (லயன்ஸ்) இருக்கலாம், எந்தப் பெரிய அமைப்பிலும் சேராத உள்ளூர்ச் சங்கமாகவும் இருக்கலாம். பொறுப்பேற்றவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான். கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "ஆளுக்கு ஒருவரைச் சேர்த்தால் சங்கம் இரண்டு மடங்காகிவிடும்" என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். அடுத்த மாதம் பார்த்தால் யாரும் யாரையும் கூட்டி வந்திருக்க மாட்டார்கள்.

இதற்காக உறுப்பினர்களைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன வேலையை யாரும் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு, வேறொருவர் வலிப்பு வந்து தவிப்பதுபோல் முன்பே பதிவு செய்த குரல் கருவி வழியே கேட்டது. தான் மட்டுமே அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். ஓர் உயிர் தவிக்கும்போதே இப்படி என்றால் உறுப்பினர் சேர்க்கை எம்மாத்திரம்?

ஆகவே மைக்கைக் கீழே வையுங்கள். ஒரே ஆளிடம், பெயர் சொல்லி, ஒரு சின்ன வேலையைக் கேளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

முதலில் பதிவேட்டைப் புரட்டுங்கள்

செயலாளரிடம் கடந்த மூன்று ஆண்டுப் பதிவேட்டை வாங்கி, ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: யார் சேர்ந்தார்கள், யார் அழைத்து வந்தார்கள், யார் விலகினார்கள், எந்த மாதத்தில் விலகினார்கள். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் நிறையச் சங்கங்களில் இதை யாரும் செய்து பார்த்ததே இல்லை.

இரண்டு விஷயங்கள் அநேகமாகக் கண்ணில் படும். ஒன்று, சேர்ந்தவர்களில் பெரும்பகுதியை அழைத்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இன்னொன்று, விலகல்கள் குறிப்பிட்ட மாதங்களில் குவிந்திருக்கும். ரோட்டரியிலும் அரிமாவிலும் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ரோட்டரியில் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய இரண்டு நாள்களில் இருக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துத்தான் சங்கம் தலைமையகத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். அதனால் ஜூனிலும் டிசம்பரிலும், வராதவர்களின் பெயர்களை நீக்குவது வழக்கம். ஏட்டில் ஜூனில் போன ஆள் மனதளவில் முந்தைய அக்டோபரிலேயே போயிருப்பார். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சேர்ந்தவர்கள் ஆறு, விலகியவர்கள் ஏழு என்று கணக்கு வந்தால், புது ஆள் தேடுவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன ஆகப்போகிறது? விலகியவர்களில் ஐந்தாறு பேரை நேரில் பாருங்கள், இல்லையென்றால் போனிலாவது பேசுங்கள். திரும்பக் கூப்பிடப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்கள். "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டால் "நேரமில்லை" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "கடைசியாக எந்தக் கூட்டத்துக்கு வந்தீர்கள்? அன்று என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, பாராட்டுரைகளிலேயே பொழுது போயிற்று, சேர்ந்து எட்டு மாதமாகியும் ஒரு வேலையும் தரவில்லை என்று வரிசையாக வரும். குறித்துக்கொள்ளுங்கள்.

இருப்பவர்கள் ஏன் அழைப்பதில்லை?

இதுதான் வேலையின் முக்கியமான பகுதி. அவசரப்பட வேண்டாம். உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தித்துப் பத்து நிமிடம் பேசுங்கள். நாற்பது பேர் உள்ள சங்கம் என்றால், வாரத்துக்கு நான்கு பேர் வீதம் இரண்டரை மாதத்தில் முடித்துவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்வி இது: "போன கூட்டத்துக்கு உங்கள் நண்பர் ஒருவரை அழைத்து வந்திருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா, சங்கடமாக இருந்திருக்குமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு "சங்கடம்தான்" என்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். கூட்டம் அப்படி இருக்கிறது. தான் மதிக்கும் ஒருவரைக் கொண்டுவந்து, வரவேற்புரை, முன்னிலை வகிப்போர் பட்டியல், போன கூட்டத்தின் அறிக்கை என்று ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்? இந்தப் பதிலைத் தலைவரிடம் கொண்டுபோவது உங்கள் கடமை. கூட்டத்தின் முதல் இருபது நிமிடச் சடங்குகளை ஐந்து நிமிடமாகச் சுருக்குங்கள் என்று கேளுங்கள். எதிர்ப்பு வரும். பரவாயில்லை, மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.

இன்னும் சில காரணங்கள் வெளியே வரும். அழைத்து வந்த ஆள் நிர்வாகக் குழுவுக்குப் பிடிக்காமல் போனால் தன் முகம் போய்விடுமே என்ற பயம் சிலருக்கு. சந்தாவைச் சொன்னால் நண்பர் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் சிலருக்கு. யாரை அழைக்கலாம், யாரிடம் சொல்ல வேண்டும், படிவம் எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்களும் உண்டு. பத்தாண்டு உறுப்பினரே "அதெல்லாம் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்" என்பார். வேறு சிலருக்குச் சங்கம் வளர வேண்டாம். இருக்கிற இருபது பேரும் நல்ல சிநேகிதர்கள், புது ஆள் வந்தால் அந்த நெருக்கம் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். இதை எல்லோரும் குறையாகப் பார்ப்பார்கள். எனக்கு அது நியாயமான கவலையாகவே படுகிறது. அவர்களோடு வாதம் செய்யாமல், வருகிற புதியவர்களை வரவேற்று உட்கார வைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். சிநேகத்தை மதிப்பவர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்வார்கள்.

யாரை அழைப்பது: பெயர்ப் பட்டியல்

ரோட்டரி தொடங்கிய விதம் இங்கே உதவும். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேருடன் கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையல் தொழில் செய்தவர். நான்கு பேருக்கும் நான்கு தொழில். பிறகு ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்ற கொள்கை அந்த அமைப்பில் நெடுங்காலம் இருந்தது. இன்று அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளே ஒரு நல்ல கருவி இருக்கிறது.

உங்கள் ஊரில் உள்ள தொழில்களையெல்லாம் ஒரு பக்கம் எழுதுங்கள்: ஆசிரியர், செவிலியர், மருந்தாளுநர், மின்பணியாளர், கணக்காளர், ஓட்டுநர் பயிற்சி தருபவர், புகைப்படக்காரர், விவசாயி, மென்பொருள் வேலை செய்பவர், ஓய்வுபெற்றவர், வீட்டை நிர்வகிப்பவர். எதிரே உங்கள் உறுப்பினர்களின் பெயர்களை எழுதுங்கள். மருத்துவர் எட்டுப் பேர், வணிகர் பத்துப் பேர், ஆசிரியர் ஒருவர்கூட இல்லை என்பதுபோல் ஏதாவது தெரியும். காலியாக இருக்கும் கட்டங்கள்தான் நீங்கள் தேட வேண்டிய இடங்கள்.

அப்புறம் ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். "உங்களுக்குத் தெரிந்த நல்லவர்களை எழுதுங்கள்" என்றால் பேனா நகராது. குறிப்பாகக் கேளுங்கள். தெருவில் ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் குரல் கொடுப்பவர் யார்? உங்கள் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் யார்? அண்மையில் இந்த ஊருக்குக் குடிவந்தவர் யாரையாவது தெரியுமா? ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல் தவிப்பவர் யார்? நம் முகாம்களுக்குக் கேட்காமலே வந்து உதவியவர் யார்? இப்படிக் கேட்டால் ஒவ்வொருவரும் மூன்று பெயராவது எழுதுவார்கள். நெருங்கிய நண்பர்களின் பெயர்கள் வராமல் இருப்பதே நல்லது. அவர்களை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், அல்லது அவர்கள் ஏற்கெனவே சங்கத்தில் இருப்பார்கள். முகம் தெரிந்து, அவ்வப்போது இரண்டு வார்த்தை பேசும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் புதிய வட்டம் திறக்கும்.

பட்டியலில் யார் இல்லை என்பதையும் பாருங்கள். கலிபோர்னியாவின் டுவார்ட்டி என்ற ஊரின் ரோட்டரி சங்கம் 1970-களின் பிற்பகுதியில் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் அந்தச் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரிமா சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அதே 1987-இல்தான். விதி மாறிவிட்டது, ஆனால் கூட்டம் இரவு எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிந்தால், சின்னக் குழந்தை உள்ளவர்கள் எப்படி வருவார்கள்? எழுதாத விதிகளும் ஆட்களை வெளியே நிறுத்தும். இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அரிமாவின் இளைஞர் பிரிவான லியோ சங்கம் 1957-இலும் ரோட்டரியின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் 1968-இலும் தொடங்கியவை. அவற்றில் இருந்து வெளியே வந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். சேவைச் சங்கம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அவர்களைத் தேடிப் போகும் சங்கங்கள் குறைவு.

எதற்கு அழைப்பது?

கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், வேலைக்கு அழையுங்கள். புதியவர் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சங்கம் ஊருக்கு என்ன செய்கிறது என்பதைத்தான்.

கண் பரிசோதனை முகாம் நடக்கிறது என்றால், வருபவருக்குப் பெயர் பதியும் மேசையில் ஓர் இடம் கொடுங்கள். ரத்ததான முகாம் என்றால், ரத்தம் கொடுத்தவர்கள் கிளம்புவதற்கு முன் ஓய்வெடுக்கும் இடத்தில் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள். மரக்கன்று நடுவது, நூலகத்துக்குப் புத்தகம் அடுக்குவது, எதுவானாலும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வைத்து, கடைசியில் குழுப் படத்தில் நிற்கச் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார். வேலை செய்தவர் தன் வீட்டில் போய் அதைப் பற்றிப் பேசுவார்.

இதோடு இன்னொன்றும் வேண்டும். "உங்கள் சங்கம் என்ன செய்கிறது?" என்று யாராவது கேட்டால், உறுப்பினர்கள் ஒரே மூச்சில் சொல்லும்படி ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். 1925-இல் ஹெலன் கெல்லர் அரிமா சங்கங்களின் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காக உழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இன்று வரை அரிமா என்றால் கண் என்ற அடையாளம் நிலைத்துவிட்டது. 1985-இலிருந்து ரோட்டரிக்குப் போலியோ ஒழிப்பு அப்படி. உங்கள் சங்கத்துக்கு அவ்வளவு பெரிய இலக்கு தேவையில்லை. "அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கித் தருகிறோம்" என்றால் போதும். ஆண்டுக்கு முப்பது சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நடத்தும் சங்கத்தைவிட, இரண்டு வேலைகளை உருப்படியாகச் செய்யும் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. முப்பதையும் யாரால் விளக்க முடியும்?

எப்படிக் கேட்பது?

உறுப்பினரிடம் நீங்கள் கேட்பதும், அவர் வெளியாரிடம் கேட்பதும் ஒரே மாதிரிதான். உங்கள் பக்கத்திலிருந்து இப்படி இருக்கலாம்:

"சார், நீங்கள் எழுதிய பட்டியலில் ஒரு மருந்தாளுநர் பெயர் இருந்தது. இருபதாம் தேதி முகாமில் மருந்து கொடுக்கும் மேசைக்கு ஆள் தேவைப்படுகிறது. அவரை ஒரு மணி நேரம் மட்டும் வரச் சொல்லிக் கேட்க முடியுமா? வியாழக்கிழமை உங்களுக்குப் போன் செய்கிறேன்."

ஆள், வேலை, நேரம் மூன்றும் இதில் இருக்கின்றன. நீங்கள் எப்போது திரும்பக் கேட்பீர்கள் என்பதும் இருக்கிறது. வியாழக்கிழமை உண்மையிலேயே போன் செய்யுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் சலித்துக்கொள்ளாமல், "நாம் இருவரும் சேர்ந்தே போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

உறுப்பினர் வெளியாரிடம் பேசும்போது, சேர்வது பற்றி முதல் சந்திப்பில் பேசவே வேண்டாம். இரண்டாம் முறை பேசும்போது சந்தா எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், சந்தாவுக்கு மேல் நன்கொடைச் செலவு உண்டா என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "செலவெல்லாம் ஒன்றும் பெரிதாக இல்லை" என்று மழுப்பிச் சேர்த்தவர்கள், முதல் ரசீதைப் பார்த்ததும் விலகுவார்கள். சேர்த்துவிட்டவர்மேல் கோபமும் மிஞ்சும். வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அடுத்த முகாமுக்கு மட்டும் கூப்பிடலாமா என்று கேட்கலாம். உறுப்பினராகாமலே பத்தாண்டு உதவி செய்கிறவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் சங்கத்தின் பலம்தான்.

விருந்தினராக வந்தவர்

கூட்டத்துக்கு வந்தால் அழைத்து வந்தவரே பக்கத்தில் உட்கார வேண்டும். குறைந்தது மூன்று பேரிடமாவது அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அன்று ஒரு நாளாவது முன்னாள் தலைவர், மாவட்ட ஆளுநர், உதவி ஆளுநர் ஆகியோரைக் குறிக்கும் பி.பி., டி.ஜி., ஏ.ஜி. என்ற சுருக்கெழுத்துகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு நாளுக்குள் அழைத்து வந்தவர் போன் செய்து எப்படி இருந்தது என்று கேட்கட்டும். விண்ணப்பம் கொடுத்துவிட்டார் என்றால் பதிலை இழுத்தடிக்காதீர்கள். நிர்வாகக் குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்றாலும், "இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்ற ஒரு வரியாவது அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

புதியவருக்கு முதல் மாதத்திலேயே பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பு கொடுங்கள். கணக்காளர் என்பதற்காகக் கணக்கையே அவர் தலையில் கட்ட வேண்டாம். நாள் முழுக்கக் கணக்குப் பார்ப்பவருக்கு மரம் நடுவதில் ஆசை இருக்கலாம். என்ன பிடிக்கும் என்று கேட்டுக் கொடுங்கள். சில ரோட்டரி சங்கங்களில் புதியவருக்குச் சிவப்பு பேட்ஜ் கொடுத்து, சில வேலைகளை முடித்த பிறகு நீல பேட்ஜுக்கு மாற்றுவார்கள். சிவப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் தாங்களாகவே வந்து பேசுவார்கள் என்பதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். அதைப் பரீட்சையாக்கிவிடாமல் இருந்தால் சரி.

மூன்றாவது மாதம், இவரிடமும் அந்தப் பட்டியல் தாளைக் கொடுங்கள். ஆள் சேர்ப்பதில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். பழைய உறுப்பினர்கள் தங்கள் வட்டத்தை ஏற்கெனவே கேட்டு முடித்திருப்பார்கள். புதியவரின் வட்டத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஏன் சேர்ந்தேன் என்ற காரணமும் அவருக்கு இன்னும் நினைவில் புதிதாக இருக்கும்.

பரிசு, போட்டி, வாட்ஸ்அப்

அதிகம் பேரைச் சேர்த்தவருக்குக் கேடயம் என்று அறிவித்தால் மைத்துனர், பங்காளி, கடை ஊழியர் பெயர்களெல்லாம் பட்டியலில் ஏறும், அவர்கள் சந்தாவைக் கேடயக்காரரே கட்டுவார். அடுத்த ஜூனில் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால், ஓராண்டு கழித்தும் வந்துகொண்டிருக்கும் உறுப்பினரை யார் அழைத்து வந்தார் என்று பார்த்து, அவர்கள் இருவரையும் சேர்த்துப் பாராட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் "இதுவரை யாரையும் சேர்க்காதவர்கள்" என்று பட்டியல் போடும் வழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் குழுவில் போட வேண்டியது, முகாமில் புதிதாக வந்து வேலை செய்தவரின் படமும், அவரை அழைத்து வந்தவரின் பெயரும்தான். படத்தைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவரிடம் ஒப்படைப்பது

ஓராண்டுப் பதவி என்பதால், நீங்கள் சேகரித்த எல்லாம் ஜூன் 30-உடன் தொலைந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பெயர்ப் பட்டியல், யாரை யார் கேட்டார், என்ன பதில், எப்போது திரும்பக் கேட்கலாம். "மகள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னவர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருக்கலாம். அதை எழுதி வைத்தால்தான் அடுத்தவர் கேட்பார். முடிந்தால் மே மாதத்திலேயே அடுத்து வரப்போகிறவரை உங்களோடு இரண்டு சந்திப்புகளுக்கு அழைத்துப் போங்கள்.

அந்த நோட்டில் "விருப்பம் உண்டு, ஆனால் உங்கள் நேரம் ஒத்துவராது" என்ற பதில் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால், ரோட்டரியில் உங்கள் சங்கத்தின் கீழேயே ஒரு துணைக்கோள் சங்கம் தொடங்கலாம்; அவர்கள் வேறு நாளில், வேறு நேரத்தில் கூடிக்கொள்வார்கள். இருபது பேர் என்றால் ரோட்டரியிலும் சரி, அரிமாவிலும் சரி, தனிச் சங்கமே தொடங்கலாம். எட்டாவது பெயர் வந்ததும் உங்கள் அமைப்பின் மாவட்ட நிர்வாகிகளிடம் பேசிவிடுங்கள்.